மூன்று வருடமாக ஒரு முக்கோணக் கூண்டுடன்

பழ ஈக்கள் கூட்டத்தில் ஒன்றையொன்று எவ்வளவு விலகி உட்காருகின்றன என்று அளக்க, மூன்று வருடமாக இந்தக் கூண்டைத்தான் நம்பியிருக்கிறேன். ஆன் சைமனும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட முறை. இரண்டு கண்ணாடித் தகடு, நடுவே மெல்லிய அக்ரிலிக் சட்டம், ஓரத்தில் பைண்டர் கிளிப். மொத்த உபகரணமும் அவ்வளவுதான்.

40 ஈக்களை உள்ளே விட்டு, கூண்டை நிமிர்த்திப் பிடித்து இரண்டு தட்டு. எல்லாம் அடியில் கொட்டும். கொட்டிய கையோடு மேலே ஏறும். கீழே தட்டினால் மேலே ஏறுவது ஈயின் சுபாவம். உச்சி குறுகல் என்பதால் முதலில் திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடிக்கும். பிறகு ஒவ்வொன்றாக நகர்ந்து தனக்கென ஓர் இடம் பிடிக்கும். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். அப்போது ஒரு போட்டோ எடுத்து, ஒவ்வொரு ஈக்கும் பக்கத்து ஈ எத்தனை தூரம் என்று இமேஜ்ஜே மென்பொருளில் அளக்கிறேன். ஈயின் நீளமே இரண்டரை மில்லிமீட்டர்தான். போட்டோ சற்று கலங்கினாலும் கணக்கு கெட்டது.

முதல் ஆறு மாத அளவுகளைக் குப்பையில்தான் போட்டேன். தப்பு கூண்டில் இல்லை, என்னிடம். காலையில் கரியமில வாயுவில் மயக்கி ஆண், பெண் பிரித்துவிட்டு மதியமே சோதித்தேன். மயக்கம் தெளிந்த ஈ நடக்கும், பறக்கும், ஆனால் பழைய ஈ இல்லை. இப்போது முதல் நாளே பிரித்துவிடுகிறேன். சோதனையன்று வாயால் உறிஞ்சும் குழாய் மட்டும். கூண்டைத் துடைக்காமல் அடுத்த கூட்டத்தை விடுவதும் இல்லை. மிரண்ட ஈ விடும் வாடையை மற்றவை தவிர்க்கும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள், அந்த வாடையில் கரியமில வாயுவும் உண்டு.

இன்னொரு பொறி, வெள்ளைக்கண் ஈக்கள். மரபணு மாற்றிய வகைகள் பலவும் இந்தப் பின்னணியில் வருபவை. கண்ணில் நிறமி இல்லாததால் பார்வை மங்கல். நான் ஆராய்ந்த மரபணுவால்தான் விலகி நிற்கின்றன என்று ஒரு மாதம் குதித்தேன். ஒப்பீட்டுக்கு வைத்ததோ நன்றாகப் பார்க்கும் சிவப்புக்கண் ஈ, வித்தியாசம் கண்ணால் வந்ததாகவே இருக்கலாம்!

துரத்தலும் காதலும் பார்க்க வேண்டுமென்றால் வீடியோ முறைக்குத்தான் போகவேண்டும். இதில் கிடைப்பது அசையாத ஒரு கணம்தான்.

கிளிப்பை மட்டும் வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். பிடி தளர்ந்தால் ஓரத்தில் ஒன்று நழுவி, எண்ணிக்கை 39 ஆகிவிடுகிறது.