ஏற்காட்டில் இரண்டு நாள் கடற்பூதப் பட்டறை: ஒரு பங்கேற்பாளரின் மதிப்புரை

சேலத்திலிருந்து கடலைக் காண ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து இன்னும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் மேலேறி, காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய பங்களாவில் அமர்ந்து கடற்பூதங்களைப் படைக்கக் கற்பது பொருத்தமாகுமா என்ற ஐயத்துடன்தான், ஏற்காட்டில் கடந்த மாதம் நடைபெற்ற மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத்துப் பட்டறைக்குப் பெயர் கொடுத்தேன். தங்குமிடமும் உணவும் சேர்த்து 4,500 ரூபாய் கட்டணம். பதினான்கு பேர் வந்திருந்தோம். மூன்று ஆண்டுகளாக ஒரு கடற்கதையை எழுதி வருகிறேன். அதில் வரும் விலங்கைப் படித்தவர் எவரும் ஏன் அஞ்சவில்லை என்ற ஒரே கேள்விதான் என்னிடம் இருந்தது.

முதல் நாள் காலையிலேயே அதற்கு விடை கிடைத்துவிட்டது. அவரவர் பூதத்தை ஐந்து வரிகளில் எழுதச் சொன்ன பயிற்றுநர், பின்னர் அதில் உடலைப் பற்றிய சொற்களையெல்லாம் அடிக்கச் சொன்னார். பற்கள், செதில்கள், நீளம், கண்ணின் நிறம் எல்லாம் போயின. என் தாளில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. பூதம் என்ன செய்யும், யாருக்குச் செய்யும், எதைச் செய்தால் விட்டுவிடும் என்ற மூன்றையும் நான் எண்ணியே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட முதல் சான்று, அனுமன் கடலைத் தாவும்போது எதிர்ப்படும் சிம்மிகை. கம்பர் அவளை அங்காரதாரை என்பார். மேலே பறப்பவரின் நிழலை நீரில் பற்றி இழுத்து உண்பவள் என்ற ஒரு செய்தி போதும். அவளுடைய உருவம் மறந்துபோனாலும் நிழல் மறப்பதில்லை. இந்த ஒரு விதியிலிருந்து எத்தனை கதைகள் கிளைக்கும் என்று எங்களையே சொல்லச் சொன்னார். ஆத்தூரிலிருந்து வந்திருந்த பள்ளி ஆசிரியை ஒருவர், அப்படியானால் அமாவாசை இரவில் மட்டும் படகு இறக்கும் ஊர் ஒன்று இருக்கும், அங்கே விளக்கேற்றுவதே குற்றமாகக் கருதப்படும், விளக்கில்லாமல் கரை திரும்ப முடியாமல் போனவர்களும் இருப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடல் சிலிர்த்தது. அந்த அரை மணி நேரத்துக்கே கட்டணம் தகும்.

நார்வேயின் கிராக்கன் பற்றிய பகுதியும் சிறப்பாக அமைந்திருந்தது. இன்றைய படங்களில் அது கப்பலை வளைத்து நொறுக்கும் பெருங்கணவாயாக மட்டுமே வருகிறது. ஆனால் பெர்கன் நகரப் பேராயராக இருந்த பொந்தொப்பிடான் 1750-களில் மீனவர்களிடம் கேட்டு எழுதிவைத்தது வேறு. எண்பது, நூறு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் இருபது, முப்பது பாகத்திலேயே கயிறு தரை தட்டினால் கீழே கிராக்கன் கிடக்கிறது என்று அவர்கள் அறிவார்களாம். அதற்கு மேலேதான் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் என்பதால் விலகாமல் தூண்டில் இடுவார்களாம். ஆழம் மேலும் குறையத் தொடங்கினால், அது எழுகிறது என்று உணர்ந்து துடுப்பை வலித்து ஓடுவார்களாம். அச்சமும் ஆசையும் ஒரே கயிற்றில் தொங்கும் இந்தக் காட்சியைவிடச் சிறந்த கதைத் தொடக்கம் ஒன்றை நான் அண்மையில் கேட்டதில்லை.

குறையும் அங்கிருந்தே தொடங்கியது. கிராக்கனை அடுத்து கிரேக்கத்துக் கடற்பூதங்களான ஸ்கில்லா, காரிப்டிஸ், உலகைச் சுற்றிக் கிடக்கும் வட ஐரோப்பியப் பெரும்பாம்பு என்று மாலை வரை திரையில் படங்கள் ஓடின. நம் மரபுக்கு ஒதுக்கப்பட்டது அரை மணி நேரம்தான். அச்சிட்டுத் தந்த குறிப்பில் மகரம் என்பதற்கு எதிரே முதலை என்று ஒரே சொல் இருந்தது. யானையின் துதிக்கையும் முதலையின் தாடையும் மீனின் வாலும் கூடிய மகரத்தை எத்தனையோ கோயில்களில் தெய்வத்தின் தலைக்கு மேலே தோரணமாகக் காணலாம். வருணன் அதன்மேல் ஊர்கிறான், காமன் அதைக் கொடியில் தாங்குகிறான். படங்களைக் குறைத்துக்கொண்டு, மலையிறங்கித் தாரமங்கலத்துக்கு அழைத்துச் சென்று யாளித் தூண்களைக் காட்டியிருந்தால், பல விலங்குகளை ஓருடலாக்கிய நம் சிற்பியரின் துணிவு எங்களுக்கு விளங்கியிருக்கும்.

திமிங்கிலம் என்ற சொல்லையும் அவர் அவசரமாகக் கடந்தார். திமி என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம், அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம். இதை வெறும் அளவுப் பெருக்கம் என்று அவர் கூறியதை நான் ஏற்கவில்லை. விழுங்குவதற்கும் ஒரு விழுங்குவது உண்டு என்ற எண்ணம், எந்தப் பூதத்தையும் கதையின் இறுதி எல்லையாக நிற்க விடாது. வடவைத் தீயை அவர் தொடவே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஆறுகளெல்லாம் வந்து கலந்தும் கடல் ஏன் கரை கடப்பதில்லை என்ற கேள்விக்கு, குதிரை முகத்தோடு அடியில் கனன்று நீரைக் குடித்துக்கொண்டிருக்கும் நெருப்பு ஒன்று உண்டு என்று நம் முன்னோர் விடை கண்டார்கள். அந்தப் பூதத்தை வீரன் ஒருவன் கொன்றுவிட்டால் என்ன ஆகும்? கடல் பெருகி ஊரை விழுங்கும். கொல்லவும் கூடாது, அதனருகே வாழவும் முடியாது என்ற இக்கட்டில்தான் ஒரு முழு நாவலே அடங்கியிருக்கிறது.

இரண்டாம் நாளை உயர்த்தியவர் நாகப்பட்டினத்து மீனவக் குடும்பத்திலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர். நிறைமதி நாளில் கடலுக்குப் போகாத பரதவர், சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு அதில் உறையும் அணங்கை வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது என்று பயிற்றுநர் சொன்னபோது, தம் உறவினர் வீட்டுச் சாமி மாடத்தில், ரம்பம் போன்ற நீண்ட மூக்குடைய வேளா மீனின் கொம்பு ஒன்று இன்றும் இருப்பதாக அந்த இளைஞர் கூறினார். கொம்பைப் பார்த்திருக்கிறாரே தவிர, மீனை உயிரோடு அவர் பார்த்ததே இல்லை. 2001 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்றும் வேளா அரிதாகிவிட்டது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பயிற்றுநர், ஒரு குடி இன்றும் கைகூப்பும் ஒன்றை நாம் கொல்வதற்குரிய பூதமாக எழுதிவிடக் கூடாது, எழுத வேண்டுமானால் அந்தக் குடியின் கண்வழியே எழுத வேண்டும் என்றார். இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மாலையில் சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். அந்தக் குகை காவிரிவரை செல்கிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. தலை குனிந்து அந்த இருட்டில் நின்றபோது, கடலறியாத நான் கடலிலிருந்து தொடங்கியதே பிழை என்று தோன்றியது. எங்கள் மாவட்டத்திலேயே மேட்டூர் அணையின் நீர் வற்றும்போது பண்ணவாடியில் மூழ்கிய நந்தி தலை காட்டுகிறது. தேவாலயத்தின் கோபுரமும் எழுகிறது. நீர் பெருகினால் வரும் பூதங்கள் ஏராளம். நீர் குறைந்தால் மட்டுமே வெளிப்படும் ஒன்றை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உணவு எளிமையாகவும் சுவையாகவும் இருந்தது. அறைகளில் இரவுக் குளிருக்குப் போர்வை போதவில்லை. இரண்டு வாரத்தில் எங்கள் கையெழுத்துப் படிகளுக்குக் கருத்து அனுப்புவதாக உறுதியளித்திருந்தார்கள். ஐந்து வாரமாகியும் எனக்கு வரவில்லை, இருமுறை நினைவூட்டியும் மறுமொழி இல்லை. கட்டணத்தில் அதற்கும் ஒரு பங்கு இருப்பதால் இது சிறு குறையன்று. எழுதத் தொடங்கி எங்கேனும் தடைபட்டு நிற்பவர்கள் தயங்காமல் செல்லலாம். இன்னும் ஒரு பக்கமும் எழுதாதவர்கள் முதலில் சில பக்கங்களாவது எழுதிவிட்டுச் செல்வது நல்லது. அந்த ஐந்து வரிப் பயிற்சியில் அடிப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.