மார்ட்டின் டி-28, கிப்சன் ஜே-45: கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது

மார்ட்டின் டி-28, கிப்சன் ஜே-45 என்ற இவ்விரண்டு கிட்டார்களையும் முதன்முறை அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தபோது, டி-28தான் எல்லா வகையிலும் மேலானது என்று ஐந்தே நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு செல்லாது என்பது மறுநாள்தான் புரிந்தது. டி-28இல் அன்றுதான் மாட்டிய புதுக் கம்பிகள் இருந்தன. கிப்சன் ஜே-45இல் பல வாரங்கள் வாசித்து மழுங்கிப்போன கம்பிகள் இருந்தன. போதாக்குறைக்கு, டி-28 சற்று உரக்கவே ஒலித்தது. இரண்டு ஒலிகளுக்கு இடையே ஒரு டெசிபெல் அளவே வேறுபாடு இருந்தாலும், நம் காது அதைச் சத்தம் கூடியதாக உணராமல் தரம் கூடியதாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த முதல் ஒப்பீட்டைத் தள்ளிவிட்டு, முறையாக மீண்டும் தொடங்கினேன்.

இரண்டிலும் ஒரே வகையான, 12 முதல் 53 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் தடிமன்) பாஸ்பர் வெண்கலக் கம்பிகளை ஒரே நாளில் மாட்டி, இரண்டு நாள் வாசித்து, அவற்றின் புதுக்கூர்மை அடங்கிய பிறகு, இரண்டையும் 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற அளவுக்குச் சுருதி சேர்த்தோம். பல ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கும் என் நண்பர் ஒரே பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகட்டை) கொண்டு வாசிக்க, நான் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். எதை எடுப்பது என்பதை ஒவ்வொரு சுற்றிலும் அவர் நாணயம் சுண்டித் தீர்மானித்தார். கண்ணை விலக்கிவைப்பது மிகைப்பட்ட எச்சரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஜே-45இன் செம்பழுப்புச் சன்பர்ஸ்ட் நிறத்தைப் பார்த்துவிட்டால் போதும், அதன் டோன் 'வார்ம்', அதாவது இதமானது, என்று ஒரு கம்பியைக்கூட மீட்டாமலே மனம் சொல்லிவிடுகிறது. டி-28இன் வெளிறிய மேற்பலகையைப் பார்த்தால் 'தெளிவு' என்ற சொல் தானாக வந்து நிற்கிறது. இந்த முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: வாசிப்பவரின் கைக்குத் தான் எதைப் பிடித்திருக்கிறோம் என்பது தெரியும், தெரிந்த கை, தெரியாத கையைப் போல வாசிக்காது.

இரண்டின் அமைப்பைப் பற்றி ஒலிக்குத் தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். டி-28 முதன்முதலில் 1931இல் மார்ட்டின் நிறுவனத்தின் பெயரோடு வெளிவந்தது. 'டி' என்பது ட்ரெட்நாட் என்ற உடலமைப்பைக் குறிக்கும். பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுப் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை அப்படியே எடுத்து இந்தப் பெரிய உடலுக்குச் சூட்டினார்கள். அகன்ற தோள், ஆழமான பெட்டி, ஸ்ப்ரூஸ் மேற்பலகை, ரோஸ்வுட் பின்பலகை ஆகியவை இதன் அடையாளங்கள். 1969 வரை பிரேசில் ரோஸ்வுட்டும், அதன் பிறகு தமிழில் ஈட்டி அல்லது தோதகத்தி என்று அழைக்கப்படும் இந்திய ரோஸ்வுட்டும் இதற்குப் பயன்பட்டு வருகின்றன. ஜே-45 1942இல், அமெரிக்காவின் கலமாசூ நகரத்தில் இருந்த கிப்சன் தொழிற்கூடத்தில் பிறந்தது. இன்று அது மொன்டானா மாநிலத்தின் போஸ்மன் நகரத்தில் செய்யப்படுகிறது. மேற்பலகை இதிலும் ஸ்ப்ரூஸ்தான்; பின்பலகையும் பக்கப்பலகைகளும் மகோகனி. தோள்கள் வட்டமாகச் சரிந்து இறங்குகின்றன. இரண்டிலும் மேற்பலகையின் உட்புறம் எக்ஸ் வடிவச் சட்டங்கள் தாங்குகின்றன.

காதுக்கு உடனே எட்டுகிற வேறுபாடு ஒன்று பலகையில் இல்லை, கம்பியின் நீளத்தில் இருக்கிறது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்கும், மேற்பலகைமீது அவற்றைத் தாங்கும் பாலத்துக்கும் இடையே அதிரும் நீளம் டி-28இல் 25.4 அங்குலம், ஜே-45இல் 24.75 அங்குலம். ஒரே தடிமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், டி-28இன் கம்பிகள் சுமார் 5 விழுக்காடு கூடுதலாக முறுக்கேறி நிற்கின்றன. எண்ணாகப் பார்த்தால் இது அற்பம். ஆனால் பிக் கம்பியில் படும் கணத்தில் டி-28 'கிண்' என்கிறது, ஜே-45 'தொம்' என்கிறது. முதல் சுற்றுகளில் நான் பெரும்பாலும் சரியாகச் சொன்னதற்கு இந்தத் தொடக்க ஒலிதான் காரணம்.

அடுத்தது கீழ் ஸ்தாயி. டி-28இன் பாஸ் பெரிது என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவந்தேன். கவனித்துக் கேட்டபோது, பெரிது என்பதைவிட நீளமானது என்பதே பொருத்தமாகப் பட்டது. கிட்டாரின் ஆறாவது கம்பி திறந்த நிலையில் (விரலால் அழுத்தாதபோது) 82 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் இயல்பான ஒத்ததிர்வு பொதுவாக 100 ஹெர்ட்ஸை ஒட்டியே இருப்பதால், அந்த அடிப்படை அதிர்வைக் கிட்டார் வலுவாக வெளியே அனுப்புவதில்லை. அதன் மேற்சுரங்களை (அடிப்படை அதிர்வோடு சேர்ந்து அதன் மடங்குகளாக எழும் உயர்ந்த ஒலிகளை) கேட்டு, அடிச்சுரத்தை நம் காதே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. டி-28 இந்த மேற்சுரங்களை அள்ளித் தருகிறது. அவை ஒன்றன்மேல் ஒன்றாக நெடுநேரம் நிற்பதால், அடிச்சுரம் மெலிதானாலும் காது பெரிய பாஸைக் கேட்கிறது. ஜே-45இல் அதே கம்பி ஓர் அடி போல விழுந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடுகிறது.

இங்கேதான் இந்த ஒப்பீட்டின் மையம் இருக்கிறது என்று கருதுகிறேன். கிட்டார்களை ஒப்பிடுகிறவர்கள் பாஸ், மிட், டிரெபிள் (கீழ், நடு, மேல் ஒலிகள்) என்று செங்குத்தாகப் பிரித்துப் பேசுகிறார்கள். இந்த இரண்டு கிட்டார்களும் உண்மையில் பிரிவது நேரத்தில். மீட்டிய சுரம் நீடித்து நிற்பதைக் கார்வை என்று சொன்னால், டி-28 நீண்ட கார்வையுள்ள கிட்டார், ஜே-45 குறுகிய கார்வையுள்ள கிட்டார். திறந்த ஜி கோர்டை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டை) ஒருமுறை மீட்டிவிட்டு, மீட்டிய கையை எடுத்துவிடும்படி நண்பரிடம் சொன்னேன். டி-28இல் ஒலி மெல்ல நிறம் மாறிக்கொண்டே போனது: முதலில் அடிக்கம்பிகளின் முழக்கம், பிறகு நடுவில் ஒரு வெற்றிடம் போன்ற மென்மை, கடைசியில் மேலே தொங்கும் வெள்ளி இழை போன்ற ஒரு மினுக்கம். ஜே-45இல் அப்படிப்பட்ட பயணம் ஏதும் இல்லை. நடுத்தர ஒலிகள் திரண்டு எழுந்து, அதே நிறத்தோடு தணிந்து, சீக்கிரமே ஓய்ந்தன.

தனியாகக் கேட்டால் முதலாவது அழகு என்று யாரும் சொல்வார்கள். பாட்டு சேர்ந்ததும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. நண்பர் எளிய நான்கு கோர்டுகளை வேகமாகத் தாளத்தோடு அடிக்க, நான் மெல்லிய குரலில் பாடிப் பார்த்தேன். டி-28இல் முந்தைய கோர்டின் கார்வை அடுத்த கோர்டின்மேல் படிந்து, குரலுக்குக் கீழேயும் மேலேயும் ஓயாமல் ஏதோ ஒலித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையைப் பாலத்தின் அருகே வைத்து அடக்கினால்தான் சொற்கள் தெளிந்தன. ஜே-45 ஒவ்வோர் அடிக்கும் பிறகு ஒரு சிறு இடைவெளியை விட்டது. குரல் அந்த இடைவெளியில் எந்தச் சிரமமும் இல்லாமல் உட்கார்ந்தது. பாடுகிறவர்கள் பலர் இந்தக் கிட்டாரை விட்டுப் பிரிவதில்லை என்பதன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

அதற்கு மாறாக, பிக்கைக் கொண்டு ஒற்றைச் சுரங்களாக ஒரு மெட்டை வாசிக்கச் சொன்னபோது ஜே-45 கொஞ்சம் வறண்டே கேட்டது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே உள்ள மௌனம் குரலுக்கு உதவியது; மெட்டுக்கு அது இடைஞ்சல். டி-28இல் ஒவ்வொரு சுரமும் கணீரென்று தனித்து நின்று, தன் வாலை அடுத்த சுரத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனது. வேகம் கூடக்கூட இந்த வேறுபாடு குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் தோற்ற இடம் விரல்மீட்டல். எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் காப்போ என்ற கவ்வியை ஏழாம் பிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டையில்) மாட்டி, நகம் படாமல் விரல் நுனியால் மெதுவாக மீட்டியபோது, எது எது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சரியாகச் சொன்ன ஓரிரு முறையும் குருட்டு ஊகமே. இது எனக்கு ஏமாற்றமாக இருந்தாலும் வியப்பாக இல்லை. இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்து பின்பலகை, பக்கப்பலகைகளின் மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை, 52 கிட்டார் கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி அணிந்து வாசித்து மதிப்பிட்டார்கள். விலையுயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும் எளிதில் கிடைக்கும் மரங்களும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணைத்தான் பெற்றன. அதைப் படித்த பிறகு, நான் மேலே சொன்ன வேறுபாடுகளை ரோஸ்வுட், மகோகனி என்ற இரண்டு சொற்களில் அடைத்துவிட எனக்குத் துணிவில்லை. கம்பியின் நீளம், பெட்டியின் வடிவம், உட்சட்டங்களின் செதுக்கல், பலகையின் தடிமன் எல்லாம் இந்த இரண்டிலும் வேறு வேறு. இவற்றில் எது எவ்வளவு பங்களித்தது என்று என் காதால் பிரித்துச் சொல்ல இயலாது.

இடம் மாறி, நானே வாசித்துப் பார்த்ததிலும் ஒன்றைக் கண்டேன். மடியில் வைத்து வாசிக்கும்போது டி-28இன் அடி ஒலி நெஞ்சில் அதிர்ந்து வாசிப்பவரைச் சூழ்ந்துகொள்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அளவு கேட்பதில்லை. ஜே-45இல் வாசிப்பவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒலி, எதிரே இருப்பவருக்கு நிறைவாகக் கேட்கிறது. கிட்டார் வாங்கச் செல்பவர்கள் தாங்களே வாசித்துப் பார்த்து முடிவெடுப்பதால், டி-28க்கு இதில் ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது. கூட ஒருவரை அழைத்துப்போய் வாசிக்கச் சொல்லி, எதிரே நின்று கேட்பது நல்லது.

தனி வாசிப்புக்கும், ஒற்றைச் சுர மெட்டுகளுக்கும், மற்ற வாத்தியங்களுக்கு நடுவே தனித்துக் கேட்க வேண்டிய இடங்களுக்கும் டி-28ஐயே எடுப்பேன். பாடிக்கொண்டு வாசிப்பவர் என்னிடம் அறிவுரை கேட்டால் தயங்காமல் ஜே-45ஐக் காட்டுவேன். என் கையில் இப்போது அதிகம் இருப்பதும் அதுதான். கம்பிகளை மட்டும் நான் அடிக்கடி மாற்றுவதில்லை: முதல் நாள் அதன் தோல்விக்குக் காரணமாக இருந்த அந்த மழுங்கிய ஒலி, பாட்டோடு சேரும்போது எனக்குப் புதுக்கம்பியைவிடப் பிடித்துப்போயிற்று.