உவர்மலைச் சுண்ணாம்பு வகுப்பு: எட்டுச் சனிக்கிழமை போய்வந்த பிறகு

திருகோணமலை டைக் வீதியில் இருக்கிற எங்கள் அம்மம்மா வீட்டு விறாந்தைச் சுவர் மூன்று முறை உரிந்தது. மூன்று முறையும் சீமெந்துதான் பூசினோம். கடைசியாகப் பூசியவர் நல்ல காசு வாங்கினார். ஈரம் வராது என்று சொல்லி மேலே ஒரு பெயின்ற்றும் அடித்தார். இரண்டு மாரி தாங்கவில்லை. பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. விழும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கீழே கிடந்த தூளைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

அதற்குப் பிறகுதான் உவர்மலையில் ஒரு பழைய களஞ்சிய வளவில் நடக்கும் இந்தச் சனிக்கிழமைப் பயிற்சியைத் தேடிப் போனேன். பழைய கட்டடங்களைத் திருத்துவதற்கான சுண்ணாம்பு வேலைதான் முக்கியம். அதோடு கொஞ்சம் தச்சு, கொஞ்சம் ஓட்டு வேலை. எட்டுச் சனிக்கிழமை, காலை 8 மணி தொடக்கம் மாலை 4 மணி வரை, மதியச் சாப்பாட்டோடு 16,000 ரூபா. நான் வீட்டுப் படம் வரைகிற ஒரு அலுவலகத்தில் 14 வருடமாக வேலை செய்கிறேன். எத்தனையோ சுவரைக் கோடாக வரைந்திருக்கிறேன், ஒரு கரண்டி சாந்தைச் சுவரில் வைத்ததில்லை. போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் பதினொரு பேர். தம்பலகாமத்திலிருந்து இரண்டு மேசன்மார், கந்தளாயிலிருந்து ஒரு சிங்களத் தம்பி, கிண்ணியாவிலிருந்து ஓடாவி வேலை செய்கிற ஒரு நானா, கட்டடக்கலை படிக்கிற ஒரு பிள்ளை, என்னைப் போல் பழைய வீட்டோடு மல்லுக்கட்டுகிற மற்றவர்கள். பெண்கள் இரண்டு பேர். சொல்லித்தருகிறவர் எழுபது தாண்டிய மேசன். எல்லோரும் 'மேசன் ஐயா' என்றுதான் கூப்பிட்டோம். அவர் என்னைப் 'பிள்ளை' என்பார், ஓடாவியை 'நானா' என்பார்.

முதல் நாளே சுண்ணாம்பு நீற்ற வைத்தார். பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயில் தண்ணீர். அதற்குள் சுட்ட கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். கல்லைக் குவித்து மேலே தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் சீறித் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, பக்கத்தில் இரண்டு வாளி நல்ல தண்ணீர். கண்ணில் பட்டால் நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதை அவர் மூன்று தரம் சொன்னார். நான் முதல் கல்லைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கல்லுக்குள்ளிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம், ஒரு வெடிப்பு, அப்புறம் பீப்பாய் முழுக்கக் குமிழ் விட்டுக் கொதித்தது. அடுப்பும் இல்லை, விறகும் இல்லை. என் முகத்தில் ஆவி அடித்தது.

சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவில் சுடும்போது கல்லில் இருக்கிற காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். நீறிய சுண்ணாம்பு சுவரில் ஏறிய பிறகு, காற்றிலிருந்து அதே வாயுவை எடுத்துத் திரும்பவும் கல்லாகிறது. "போனது திரும்பி வருது பிள்ளை. அதுக்கு நாள் எடுக்கும். நாங்கதான் அவசரப்படுறம்" என்றார் ஐயா. ஆறாவது கிழமை அந்தக் கட்டடக்கலைப் பிள்ளை பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கண்ட பினோத்தலினைக் கொஞ்சம் கொண்டுவந்தாள். ஐந்து கிழமைப் பூச்சில் ஒரு துண்டை உடைத்து அதன் மேல் விட்டோம். வெளிப்புறத்து மூன்று நாலு மில்லிமீற்றர் நிறம் மாறவில்லை. உள்ளே முழுக்க ரோஸ் நிறம். கல்லாகி முடிந்த இடமும் இன்னும் ஆகாத இடமும் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. பூச்சு எவ்வளவு மெதுவாக இறுகுகிறது என்பதை எனக்குக் காட்டியது அந்த ரோஸ் கோடுதான்.

என் சுவருக்கு என்ன நடந்தது என்பதும் இங்கேதான் விளங்கியது. முதல் நாள் ஐயா இரண்டு பழைய செங்கல்லை எடுத்து, ஒன்றுக்கு ஒரு பக்கம் சீமெந்தும் மற்றதுக்கு ஒரு பக்கம் சுண்ணாம்பும் பூசினார். சாந்து காய்ந்த பிறகு இரண்டையும் உப்புத் தண்ணீர்த் தட்டில் நிறுத்திவைத்தார். ஏழாவது சனிக்கிழமை பார்த்தோம். சுண்ணாம்பு பூசிய கல்லில் உப்பு பூச்சின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது; தும்புத்தடியால் தட்டினால் உதிர்ந்தது. சீமெந்து பூசிய கல்லில் பூச்சு புதிதாகவே இருந்தது. பின்பக்கம்தான் செங்கல் மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரமும் உப்பும் வெளியேற வழி தேடுகின்றன; பூச்சு வழி விடாவிட்டால் கல்லைத் தின்கின்றன. மூன்று பக்கம் கடல் இருக்கிற ஊரில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. சீனன்குடாவில் சீமெந்து ஆலையே இருக்கிறது, புது வீட்டுக்கு அது நல்ல பொருள்தான். முருகைக்கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பில் நிற்கிற சுவருக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

மணல் பற்றிய அரை நாள் எனக்கு மிகவும் பிடித்தது. கடல் மணல் கிட்டவே வரக்கூடாது. ஆற்று மணலிலும் மண் எவ்வளவு என்று பார்க்க ஒரு போத்தலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் கீழே போக, களி மேலே படிந்தது. பிறகு ஒரு பேணி நிறையக் காய்ந்த மணல் எடுத்து, விளிம்பு தட்டும்வரை தண்ணீர் ஊற்றச் சொன்னார். மூன்றில் ஒரு பங்கு அளவு தண்ணீர் உள்ளே போய்விட்டது. மணிகளுக்கு நடுவில் அவ்வளவு இடைவெளி இருக்கிறது, அதை நிரப்பத்தான் சுண்ணாம்பு. ஒன்றுக்கு மூன்று என்று 14 வருடமாகப் படத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு ஒரு மீன் பேணிக்குள் இருந்தது.

பூச்சு வேலை நாலு முழு நாள். பூசுவதற்கு முதல் நாள் பின்னேரமே சுவரை நனைக்கவேண்டும், காலையில் திரும்ப நனைக்கவேண்டும். முதல் பூச்சு பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர், அதில் கீறல் போட்டு ஒரு கிழமை விடவேண்டும். ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று அனலாக வீசுகிற நேரம். சாந்து வைத்த கையோடு மேல்தோல் காய்ந்து மயிரிழை மயிரிழையாக வெடித்தது. அதைத் தேய்த்து மறைக்கப் போன என் கையை ஐயா பிடித்தார். மட்டப்பலகையைத் தந்து, தட்டி உள்ளே அழுத்தச் சொன்னார். அழுத்த அழுத்த வெடிப்பு மூடியது. அப்புறம் நனைந்த சாக்கைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தோம். தம்பலகாமத்து மேசன் ஒருவர், "சீமெந்து பூசினா இந்நேரம் நாலு சுவர் முடிச்சிருப்பன்" என்று அலுத்துக்கொண்டார். கடைசி நாளில் அவர் பூசிய பலகைதான் எங்கள் எல்லோருடையதிலும் நேர்த்தி.

எனது பலகை அப்படி வரவில்லை. மூன்றாவது கிழமை அதில் அம்மை விழுந்த மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் மிளகளவு ஒரு வெள்ளை மணி. ஐயா ஊசியால் ஒன்றைக் கிளறி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நீறாத சுண்ணாம்பு. சுவரில் ஏறிய பிறகு ஈரம் பட்டு ஊதி, பூச்சைத் தள்ளியிருக்கிறது. நான் எடுத்தது கடையில் வாங்கிய பைச் சுண்ணாம்பு. மாத்தளை, கண்டிப் பக்கத்துக் கல் தொலமைற்று, மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல். அதில் இருக்கிற மக்னீசியம் நீறுவதற்கு நாள் எடுக்கும். அதனால்தான் நீற்றிய சுண்ணாம்பு, நிலத்தில் வெட்டிய குழியில் தண்ணீருக்குக் கீழே குறைந்தது மூன்று மாதமாவது கிடக்கவேண்டும், எடுக்கும்போது அரிக்கவேண்டும். குழியிலிருந்து வந்தது கரண்டியில் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பையில் வந்தது வழுக்கி விழுந்தது. முந்தி இந்தக் கரையில் முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். இன்று கடலில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, தடை இருக்கவும் வேண்டும். மீனும் கரையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே மலைநாட்டுக் கல்லைப் பொறுமையாக நீற்றப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் காலத்தில் சுண்ணாம்புச் சாந்தில் சேர்த்த, பனங்கட்டியும் கடுக்காயும் ஊறிய தண்ணீர் பற்றி எல்லோரும் கேட்டோம். ஒரு வாளி ஊறவைத்துக் காட்டினார், புளித்து மூக்கைத் துளைத்தது. "எல்லாத்துக்கும் ஊத்துறதில்ல. முதல்ல சுண்ணாம்பையும் மணலையும் ஒழுங்காக் குழைக்கப் பழகுங்க" என்று அதை அங்கேயே நிறுத்திவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஒரு காலை பிரட்ரிக் கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் வைத்துக் கட்டிய கோட்டை. 1639இல் ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயரிடம் வந்தது. வாசலில் மீன் சின்னத்தோடு இருக்கிற, கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படுகிற அரசன் குளக்கோட்டனின் கல்வெட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இன்றைய கோயிலுக்குப் போகிற அவசரத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற சாந்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஐயா யாரையும் எதையும் தொட விடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னார்: எந்தக் கல் வேறு இடத்துக்கென்று செதுக்கிய கல், எந்தச் சாந்து பிறகு வந்தது. சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும், உடைய வேண்டி வந்தால் சாந்து உடைந்து கல் பிழைக்கவேண்டும் என்று சொன்னது இந்த இடத்தில்தான். இடித்த கோயிலின் கல் என்று தெரிந்துகொண்டு அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 1940இல் வந்த தொல்பொருள் சட்டத்தின் கீழ் இருக்கிற கட்டடங்களில் தொல்பொருள் திணைக்கள அனுமதியில்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்பதையும் விளக்கினார்கள். கற்றவுடன் கோயில் மடத்தில் கை வைக்க ஆசைப்படுகிற ஆட்கள் அதைக் கவனமாகக் கேட்கவேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும். தச்சு வேலைக்கு ஒரே ஒரு நாள். பாலை மரத்தில் கழுந்து (துளையில் பொருந்துகிற முனை) வெட்ட ஒரு நாள் எந்த மூலைக்குக் காணும்? உளி மரத்தில் இறங்கவே மத்தியானம் ஆகிவிட்டது. கிண்ணியா நானா பக்கத்தில் இருந்து பிடித்துக் காட்டாவிட்டால் எனக்கு ஒன்றும் வந்திராது. முதிரை யன்னல் நிலையின் அடிக்கால் உக்கினால் முழு நிலையையும் மாற்றாமல் அந்த ஒரு முழத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுகிற விதத்தை அவர்தான் தேநீர் நேரத்தில் சொல்லித்தந்தார். அது பாடத்தில் இருக்கவேண்டிய விசயம். ஓட்டு வேலை அரை நாளில் பேச்சோடு போனது. ஒருவரும் கூரையில் ஏறவில்லை.

கையில் தந்த குறிப்புகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் இருந்தன. பதினொரு பேரில் எட்டுப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். நானும் அந்தப் பிள்ளையும் இரவிரவாக இருந்து பன்னிரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த பிரிவுக்கு அதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; கேட்டு வாங்குங்கள். பெண்களுக்குத் தனி மலசலகூடம் இல்லை, கண்காணிப்பவரிடம் திறப்புக் கேட்டுப் போகவேண்டும். சான்றிதழ் ஒன்று தருகிறார்கள், அது என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு என்.வி.கியூ. தேவைப்படுகிற மேசன்மார் இதை நம்பி வரவேண்டாம். பழைய வீடு, கோயில், பள்ளிவாசல் என்று ஊரிலேயே வேலை எடுக்கிறவர்களுக்குக் கொடுத்த காசு வீண் போகாது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்று தச்சுக்கும் குறிப்புக்கும்.

வகுப்பு முடிந்த பிறகும் ஐயா எங்கள் வீட்டுக்கு இரண்டு தரம் வந்தார், பஸ் காசுகூட வாங்கவில்லை. சீமெந்தை எப்படிக் கழற்றுவது என்று காட்டினார்: செங்கல்லில் அதிராமல், ஓரத்திலிருந்து சின்ன உளியால், அவசரமில்லாமல். வேரோடு வராத இடத்தை அப்படியே விடச் சொன்னார். அவருடைய குழியிலிருந்து நாலு வாளி சுண்ணாம்பு விலைக்கு வாங்கி, ஒக்டோபரில் மழைக்கு முன் ஐந்து அடி பூசினேன். இந்த மாரியில் அந்த ஐந்து அடியில் உப்பு பூத்தது, துடைத்தேன், போனது. பூச்சு நிற்கிறது. பின்வளவில் நானே வெட்டி நீற்றிய குழி செப்டெம்பரிலிருந்து தகரத்தால் மூடிக் கிடக்கிறது. மிச்சம் பதினொரு அடி. தை பிறந்து வெயில் வந்ததும் திறப்பேன்.