இரட்சிப்பு பற்றிய ஆன்லைன் வகுப்பு: பாடம் நன்று, தேர்வுதான் இடிக்கிறது

புராட்டஸ்டன்ட் சபைகள் இரட்சிப்பைப் (பாவத்திலிருந்து மீட்கப்படுதல்) பற்றி என்ன நம்புகின்றன என்று சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றைப் போன வாரம்தான் முடித்தேன். குறை சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு வீடியோ, ஒரு பிடிஎஃப், ஒரு சின்னத் தேர்வு.

முதல் வாரம் 1517, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர், அவருடைய 95 வாதங்கள் என்று தெரிந்த கதைதான், ஓட்டிவிட்டேன். மூன்றாவது வாரத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எபேசியர் 2:8-ல் 'இது தேவனுடைய ஈவு' என்று வருகிறதே, அந்த 'இது' எது, கிருபையா, விசுவாசமா? தமிழில் இரண்டுமே அஃறிணை, அதனால் ஒன்றும் பிடிபடாது. கிரேக்கத்தில் அந்த இரண்டு சொல்லும் பெண்பால், ஆனால் 'இது' ஆண்பாலும் இல்லை பெண்பாலும் இல்லை, நடுப்பால். அதனால் கிருபையினால் விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்ட அந்த முழுக் காரியத்தையும்தான் 'இது' சுட்டுகிறது என்று ஆசிரியர் பொறுமையாகக் காட்டினார். இத்தனை வருஷம் மனப்பாடமாகச் சொன்ன வசனம், ஒரு நாளும் இதை யோசித்ததில்லை.

அதே பொறுமை 'நீதிமானாக்கப்படுதல்' வந்தபோது காணாமல் போய்விட்டது. அப்போஸ்தலர் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் தீர்ப்புச் சொல்கிற சொல் என்பதுதான் புராட்டஸ்டன்ட் வாதமே, நம் தமிழ்ச் சொல்லிலோ 'ஆக்குதல்' வந்து உட்கார்ந்திருக்கிறது. நீதிமான் என்று அறிவிப்பதா, நீதிமானாகவே மாற்றுவதா என்ற அந்தச் சண்டையில்தான் 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் எதிர்ப்பக்கம் நின்று தீர்மானம் போட்டது. தமிழில் பாடம் எடுப்பவர் இதை இரண்டே நிமிஷத்தில் தாண்டலாமா?

சரி, தேர்வுக்கு வருகிறேன். 'விசுவாசம் மாத்திரம்' என்று வேதத்தில் எங்கே வருகிறது என்று ஒரு கேள்வி. யாக்கோபு 2:24 என்று எழுதினேன். அங்கே அது 'மாத்திரமல்ல' என்று மறுப்போடு வருகிறது, தெரியும், ஆனால் அந்தச் சொற்கள் சேர்ந்து வருகிற இடம் அது ஒன்றுதான். தப்பு என்று சிவப்பில் காட்டியது. சரியான விடை ரோமர் 3:28-ஆம். கிரேக்க மூலத்தில் அந்த வசனத்தில் 'மாத்திரம்' கிடையாது. 1522-ல் ஜெர்மனில் பெயர்த்தபோது லூத்தர் சேர்த்தது அது, ஜெர்மன் நடைக்கு அது தேவை என்று பிறகு அவரே வாதாடியும் இருக்கிறார். கருத்து அங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சொல் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் மெயிலில் எழுதிக் கேட்டேன். 'பாடக்குறிப்பின்படியே விடையளிக்கவும்' என்று ஒரு வரி வந்தது. அந்த வாரத்துப் பாடத்தின் தலைப்பு 'வேதம் மாத்திரம்', அதாவது வேதமே இறுதி அளவுகோல்! பவுல் பேசியதையே வேதத்தோடு ஒத்துப்பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17:11 மெச்சுகிறது, அதுவும் இதே பிடிஎஃப்பில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

இன்னொன்று, இரட்சிப்பை இழக்க முடியுமா என்ற பாடத்தில் மெய்யாக விசுவாசித்தவர் அதை இழக்கமாட்டார் என்ற 1618-19 டார்ட் சங்கத்தின் (கால்வினியச் சபைகளின் கூட்டம்) முடிவை மட்டும் சொல்லி எல்லா புராட்டஸ்டன்ட்டுக்கும் அதுதான் நம்பிக்கை என்பதுபோல முடித்துவிட்டார்கள். இழக்கலாம் என்று நம்புகிற மெதடிஸ்ட்காரர் யாராவது இருந்திருந்தால் அங்கேயே கை தூக்கியிருப்பார்.

ஐந்துக்கு மூன்று. மூன்றும் மூன்றாவது வாரத்துக்குத்தான். சேருகிறவர்கள் தேர்வை விட்டுவிட்டு வீடியோவை மட்டும் பாருங்கள், வேதாகமத்தை மடியில் திறந்து வைத்துக்கொண்டு.