பில்லில் "ஆல் சீசன்" என்று மட்டும் இருந்தால் காசு கொடுக்காதீர்கள்

ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் 18, 19 அங்குல ரிம் போட்ட கார் வைத்திருப்பவர்கள் இதை முழுதாக வாசியுங்கள். ஸ்னோ தொடங்குவதற்கு முன் வாசித்தால் இன்னும் நல்லது.

ஸ்காபரோவில் ஒரு பிஎம்டபிள்யூ 330ஐ எக்ஸ்ட்ரைவுக்கு நவம்பர் நடுவில் நாலு ரயரும் மாற்றினார்கள். 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரியோடு சேர்த்து 1,900 டொலருக்குக் கொஞ்சம் கீழே. பில்லில் இருந்தது ஒரே ஒரு வரி: "19 அங்குல ஆல் சீசன், 4". கொம்பனிப் பெயர் இல்லை, மொடல் இல்லை, அளவுகூட முழுதாக இல்லை. கார்க்காரர் கேட்டது ஸ்னோவுக்கும் தாங்குகிற ரயர். "அண்ணை, ஆல் சீசன் எண்டாலே நாலு சீசனுக்கும்தானே. வின்ரர் ரயர் எண்டு தனியாக் காசைக் கொட்டத் தேவையில்லை. இன்சூரன்ஸிலயும் இதைக் காட்டிக் குறைக்கலாம்" என்று தமிழிலேயே பதில் வந்தது. எங்கட ஆக்கள் என்ற நம்பிக்கையில் அவரும் ஓம் என்றுவிட்டார்.

முதல் ஸ்னோ அன்று சிவப்பு லைற்றுக்குப் பிறேக் பிடித்ததும் ஏபிஎஸ் கடகடவென்று அடித்தது. கார் நிற்காமல் வழுக்கிப் போய், கோட்டைத் தாண்டிச் சந்திக்குள் பாதியில் நின்றது. நல்ல காலம், குறுக்கே யாரும் வரவில்லை. பிறகு காரைத் தூக்கி நாலு ரயரிலும் உள்ள எழுத்தை வாசித்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எதிலும் ஸ்னோ முத்திரை இல்லை. முன் இரண்டும் அந்தக் காருக்கு வேண்டிய பாரத்துக்குச் செய்த ரயர் அல்ல. பின் இரண்டும் ஐந்து வருடப் பழசு. முன்னால் ஒரு கொம்பனி, பின்னால் வேறு கொம்பனி. முன்பு இருந்தது காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரன்-பிளாற், இப்போது இருப்பது சாதாரண ரயர். இதில் ஒன்றைக்கூட அவரிடம் யாரும் சொல்லவில்லை.

முதலில் ஸ்னோ முத்திரை. பெரிய ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. ரயரின் பக்கத்தில் "எம்+எஸ்" என்று இருக்கும், சேறும் ஸ்னோவும் என்று பொருள். ஆனால் அந்த எழுத்தைப் போடுவதற்கு ஸ்னோவில் ஓட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. வெட்டுகளின் அமைப்பையும் இடைவெளியையும் வைத்துச் செய்கிற கொம்பனியே போட்டுக்கொள்ளலாம். மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரைதான் வேறு. அது இருந்தால், இறுகிய ஸ்னோவில் இழுவைச் சோதனை செய்து, ஒப்பிடுகிற ரயரைவிடக் குறைந்தது 10 வீதம் கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சோதனைகூட இழுவைக்குத்தான். ஐஸில் பிறேக் பிடித்தால் எங்கே நிற்கும் என்பதை அது சொல்லாது.

கடைகளில் "ஆல் சீசன்", "ஆல் வெதர்" இரண்டையும் ஒன்றுபோலக் கதைப்பார்கள். கனடாவில் ஆல் வெதர் என்று விற்கிற ரயரில் மலை முத்திரை இருக்கும். ஆல் சீசன் என்று விற்பவற்றில் பெரும்பாலும் எம்+எஸ் மட்டும்தான். விதிவிலக்கும் உண்டு. பெயரில் ஆல் சீசன் என்று இருந்தும் மலை முத்திரை உள்ள ரயர்களும் இருக்கின்றன. கொன்ரினென்ரல் எக்ஸ்ட்ரீம்கொன்ராக்ற் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ் மழையில் அருமையாகப் பிடிக்கிற ரயர், ஆனால் அதில் மலை முத்திரை இல்லை. ஆகவே பெயரைப் பார்க்காமல் முத்திரையைப் பாருங்கள்.

அந்தக் கொன்ரினென்ரலில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ரோட்டில் படுகிற இறப்பரிலேயே டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகளும் பதித்திருக்கும். டி காய்ந்த ரோட்டுக்கு, டபிள்யூ மழைக்கு, எஸ் ஸ்னோவுக்கு. தேயத் தேய முதலில் எஸ் அழியும். அது அழிந்தால் ஸ்னோவில் நம்பக்கூடாது. அடுத்து டபிள்யூ போகும். பாவித்த ரயரை "அரைவாசிதான் தேய்ந்தது" என்று யாராவது விற்க வந்தால், விரலால் தடவி எந்த எழுத்து மிச்சம் என்று பாருங்கள்.

எக்ஸ்ட்ரைவ், குவாட்ரோ, 4மற்றிக் என்ற நாலு சக்கர இழுவை இருக்கிறதே என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நாலு சக்கரமும் இழுப்பது கார் கிளம்புவதற்குத்தான் உதவும். நிற்கிற நேரம் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிறேக். அங்கே பிடிப்பது இறப்பர் மட்டுமே. 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ஆல் சீசன் இறப்பர் இறுகத் தொடங்கும். விடிய 5 மணிக்கு வேலைக்குப் போகிறவர், பரி, ஒட்டாவா பக்கம் ஓடுகிறவர் என்றால் எங்கள் கருத்து ஒன்றுதான்: தனி ரிம்மில் வின்ரர் ரயர் 4 வாங்கி வையுங்கள். நகருக்குள் மட்டும், அதுவும் ஸ்னோ தள்ளிய பிறகு ஓடுகிறவருக்கு மலை முத்திரை உள்ள ஆல் வெதர் போதும். மிஷெலின் குரொஸ்கிளைமேற் 2 அப்படியானது. ஸ்போர்ட் செடானில் ஸ்ரியரிங் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்சூரன்ஸ் கதையும் இதோடு ஒட்டியதுதான். 2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் எல்லாக் கார் இன்சூரன்ஸ் கொம்பனிகளும் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். எம்+எஸ் மட்டும் உள்ள ரயரைக் காட்டி அந்தக் கழிவை எடுத்துவிட்டு, பிறகு விபத்தில் மாட்டினால் பொய் சொன்னதாக நிற்கப்போவது நீங்கள், கடைக்காரர் அல்ல.

அடுத்தது பாரம். அந்தக் காருக்கு முன்னால் 225/40ஆர்19 93, பின்னால் 255/35ஆர்19 96. கடைசி இலக்கம்தான் ஒரு ரயர் தாங்கும் பாரம். 93 என்றால் 650 கிலோ, 96 என்றால் 710 கிலோ. அங்கே முன்னால் பூட்டியிருந்தது அதே 225/40ஆர்19, ஆனால் 89. அதாவது 580 கிலோ. ஒரு ரயருக்கு 70 கிலோ, முன் அச்சுக்கு 140 கிலோ குறைவு. அளவு ஒன்று என்பதால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. 89 சாதாரணக் கட்டு, 93 "எக்ஸ்எல்" என்று எழுதிய பலப்படுத்திய கட்டு. ரயரின் அகலம் 225 மில்லிமீற்றர், அதன் 40 வீதம் என்றால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில் இருப்பது 90 மில்லிமீற்றர்தான். மார்ச் மாதப் பள்ளத்தில் ஆட்களை நிரப்பிக்கொண்டு விழுந்தால் பக்கச்சுவரின் உள்நூல் அறுந்து கொப்புளம் போலத் தள்ளும். கொப்புளம் வந்த ரயரைத் திருத்த முடியாது, கழற்றி எறிய வேண்டியதுதான். உங்கள் காருக்கு எது என்பது சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். கடைக்குப் போக முன் அதைப் படம் எடுத்து வையுங்கள்.

திகதி பார்ப்பது சுலபம், மறைப்பதும் சுலபம். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 இலக்கம்: 3119 என்றால் 2019ஆம் ஆண்டின் 31ஆவது கிழமை. ஆனால் முழு வரிசை ரயரின் ஒரு பக்கத்தில் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மற்றப் பக்கத்தில் திகதி இல்லாமல் பாதி வரிசை இருக்கலாம்.  திகதி உள்ள பக்கம் உள்ளே வரும்படி பூட்டினால் அது மறைந்துவிடும். அந்தக் காரில் நடந்ததும் அதுதான். ரிம்மில் ஏற்றுவதற்கு முன், ரயர் நிலத்தில் கிடக்கும்போதே நாலையும் பிரட்டிப் பாருங்கள். ஏற்கெனவே பூட்டியாயிற்று என்றால், ஸ்ரியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து முன் ரயரின் உட்புறத்தைப் பாருங்கள். பின்னுக்கு, கார் அணைந்து நிற்கும்போது போனை வெளிச்சத்தோடு வீடியோவில் போட்டு நிலத்தோடு நீட்டி எடுக்கலாம். ஒரு வருடம் நிழலில் அடுக்கியிருந்த ரயரில் குறை சொல்ல மாட்டோம். இரண்டு வருடம் தாண்டியதற்கு முழு விலை கொடுக்கத் தேவையில்லை. ஐந்து வருடத்து ரயரைப் புதுசு என்று விற்பது களவு.

முன்னும் பின்னும் வெவ்வேறு கொம்பனி போட்டது முன் சக்கரம் மட்டும் இழுக்கிற மினி, கொரோலா போன்ற கார் என்றால் அவ்வளவு கவலையில்லை. எக்ஸ்ட்ரைவுக்குக் கூடாது. முன், பின் ரயர்களின் சுற்றளவு ஒத்திருக்கிறது என்ற கணக்கில்தான் இழுவையைப் பங்கிடுகிற பெட்டி வேலை செய்கிறது. மேலே சொன்ன இரண்டு அளவுக்கும் விட்டம் 662.6, 661.1 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒன்று. அதில் ஒரு சோடி 8 மில்லிமீற்றர் ஆழத்தில் புதுசும் மற்றது 4இல் தேய்ந்ததும் என்றால் விட்டத்தில் 8 மில்லிமீற்றர் இடைவெளி விழும். பெட்டிக்குள் இருக்கிற கிளச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். மெதுவாகத் திரும்பும்போது இழுத்து இழுத்துப் போவதும், கிளம்பும்போது அதிர்வதும் அதன் அடையாளம். அந்தப் பெட்டி மாற்றுகிற செலவில் பல தடவை ரயர் வாங்கலாம்.

ரன்-பிளாற்றுக்குப் பதில் சாதாரண ரயர் போடுவது பிழையல்ல. சத்தம் குறையும், ஓட்டமும் மெத்தென்று இருக்கும். ஆனால் ரன்-பிளாற்றில் காற்றுப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் 80 கிலோமீற்றர் வரை போகலாம் என்ற நம்பிக்கையில் அந்தக் காரில் ஸ்பெயார் சக்கரமே வைக்கவில்லை. மாற்றுகிறவர் அதைச் சொல்லி, காற்றடிக்கும் பம்பும் ஓட்டை அடைக்கும் திரவமும் வாங்கி வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவமும் அடைக்காது, இழுவை வண்டிதான்.

பூட்டுகிற அன்று இரண்டு விஷயம். சக்கர போல்ற்றைக் காற்றுத் துவக்கால் அடித்து முடித்துவிட்டால் ஏற்காதீர்கள். இந்தக் காருக்கு 140 நியூற்றன்-மீற்றர், அளவு காட்டும் குறட்டால் கையால் இறுக்க வேண்டும். 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொரு தடவை. சூடான கராஜுக்குள் 20 பாகையில் அடித்த காற்று வெளியே மைனஸ் 10இல் 5 பிஎஸ்ஐ அளவு இறங்கும், அதனால் அடுத்த நாள் காலை ஓட முன் அளந்து பாருங்கள்.

பில்லில் இருக்க வேண்டியது இவ்வளவும்: கொம்பனி, மொடல், முன் அளவும் பின் அளவும் பார இலக்கத்தோடும் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்தோடும், எக்ஸ்எல்லா இல்லையா, ரன்-பிளாற்றா இல்லையா, மலை முத்திரை உண்டா, நாலு ரயரின் திகதி. எழுத மறுக்கிற கடையில் இருந்து திரும்பி வாருங்கள். "சூழல் கட்டணம்" என்று தனியாக ஒரு வரி வந்தால் அது அரசாங்க வரி அல்ல, கேள்வி கேட்கலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், "ரயர் ஓடிட்டுது, திருப்பி எடுக்க ஏலாது" என்ற பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய்யான தகவல் சொல்லி விற்றால் ஒரு வருடத்துக்குள் அறிவித்து அந்த ஒப்பந்தத்தை முறிக்க இடமிருக்கிறது. தொலைபேசியில் சண்டை பிடிக்காமல் ஈமெயில் எழுதுங்கள். ரயர் ஒவ்வொன்றின் எழுத்தையும், கதவுத்தூண் ஸ்ரிக்கரையும், பில்லையும் படமாகச் சேருங்கள். கிரெடிட் கார்ட்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் முறையிடுங்கள்.

ஸ்காபரோக்காரர் இதையேதான் செய்தார். 3119 தெரிகிற படம் போய்ச் சேர்ந்த பிறகு பின் இரண்டுக்குமான காசு திரும்பி வந்தது. முன் இரண்டுக்கும் கடை இன்னும் "அளவு சரிதானே" என்று நிற்கிறது. அந்த 89 படம் இப்போது வங்கியிடம் இருக்கிறது.