நாலு வருசக் கியூஎல்இடி: சிவப்பு நிக்குது, கறுப்புதான் வெளுக்குது

மார்த்தாண்டத்துக் கூட்டுகாரன் நேற்று போன் பண்ணினான். "மக்கா, உன் கியூஎல்இடி டிவி மாடல் விலை இறங்கிட்டு, நானும் ஒண்ணு எடுக்கட்டா?" நேரம் பார்த்துக் கேட்டான். திரைக்குப் பின்னால் எரிகிற பேக்லைட் பட்டை மாற்றியதற்கு 6,500 ரூபாயை அப்போதுதான் எண்ணிக் கொடுத்திருந்தேன்.

கீழ் இடது மூலை ஒரு மாசமாகவே மங்கல். மெக்கானிக் பேனலைக் கழற்றிவிட்டு பேக்லைட்டை மட்டும் எரியவிட்டார். வெல்டிங் கடை மாதிரி கண் கூசும் நீலம். அதன்மேல் டிரேசிங் பேப்பர் போல லேசான மஞ்சளில் ஒரு ஷீட்டை விரித்தார். விரித்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. "இதுதான் சார் குவாண்டம் டாட்."

கியூஎல்இடியில் 'கியூ' இந்தக் குவாண்டம்தான், டாட் என்றால் ஷீட்டில் இருக்கிற நுண்ணிய புள்ளி. அந்தப் புள்ளிகள் தானாக எரிவதில்லை. நீலத்தை விழுங்கிப் பச்சையும் சிவப்பும் கக்குகின்றன. மிச்ச நீலம் சேர்ந்து வெள்ளை. ஒரே குறைகடத்திதான் (செமிகண்டக்டர்): புள்ளி சின்னதென்றால் பச்சை, சில நானோமீட்டர் பருத்தால் சிவப்பு. 2023 வேதியியல் நோபல் இந்தச் சரக்குக்குத்தான். ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தோடு அதிகம் கலக்காமல் வரும். தோவாளைச் சந்தையில் போனில் எடுத்த வீடியோ பழைய டிவியில் ஓடினால் அரளி செங்கல் நிறத்தில் கிடக்கும். இதில் போட்டதும் அம்மா, "பூ இப்பப் பறிச்சது போல இருக்கே" என்றாள்.

ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் புள்ளியின் ஒளி மங்கும் என்று படித்துப் பயந்திருந்தேன். வீடு குளச்சலில், உப்புக்காற்றில் கேட் கீலே தாங்காது. ஆனால் ஷீட்டுக்கு இருபுறமும் காப்புப் படலம் உண்டு. ஓரம்கூட வெளுக்கவில்லை, ஸ்குரூதான் துருப்பிடித்திருந்தது.

எரிச்சல் வேறு இடத்தில். ராத்திரி லைட்டை அணைத்தால் கறுப்பு கறுப்பாக இல்லை. நடுக்கடலில் ஒரு வள்ளம், ஒரு விளக்கு என்று காட்சி வந்தால் விளக்கைச் சுற்றிச் சாம்பல் மூட்டம். கீழே வசனம் வரும்போதெல்லாம் அந்த மூட்டமும் கூடவே எட்டிப் பார்க்கும். புள்ளி என்ன செய்யும்? பின்னால் நீலம் எரியும்வரை அது மினுங்கத்தான் செய்யும். முன்னால் ஒளியை விடவும் மறைக்கவும் இருக்கிற எல்சிடி அடுக்கு அதை முழுசாக மறைப்பதில்லை. கடையில் இதைச் சொன்னார்களா? "குவாண்டம்" என்று மட்டும் பத்துத் தடவை சொன்னார்கள்.

வேண்டாம் மக்கா என்று சொல்லிவிட்டேன். ரிப்பேர் காசு போன கோபமும் அதில் உண்டு. இரண்டு மாசம் முன்னால் கேட்டிருந்தால் எடு என்றுதான் சொல்லியிருப்பேன்.