மரத்தடியை வண்டியில் ஏற்ற: உருட்டுக் கயிறா, கை வின்ச்சா?

50 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைத் தடி ஏறக்குறைய அரை டன் இருக்கும். தூக்குகிற பேச்சே வேண்டாம்.

செலவு: உருட்ட இரண்டு கயிறும் இரண்டு சாய்வுக் கட்டையும் போதும். வின்ச்சுக்கு (கைப்பிடியால் கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) சங்கிலி, கொக்கி எல்லாம் சேரும்.

உழைப்பு: கயிற்றின் ஒரு முனையை வண்டியில் கட்டி, தடிக்கு அடியில் விட்டு, மேலே சுற்றி இழுத்தால் பாதி விசையிலேயே உருண்டு ஏறும். ஆனால் இருவர் வேண்டும். வின்ச்சுக்கு ஒருவர் போதும், மெதுவாகத்தான் நகரும்.

ஆபத்து: உருளும் தடிக்குக் கீழ்ப்பக்கம் நிற்கவே கூடாது. விறைத்த வின்ச் கம்பி அறுந்தால் சாட்டையாய் வீசும்.

அறுவைக்குப் போகும் நேரான தடியா? உருட்டுங்கள். வின்ச்சால் தரையில் இழுத்தால் பட்டையில் மண் ஏறி ரம்பப் பல்லை மழுக்கிவிடும். கோணல் தடி உருளாது, அதற்கு வின்ச்தான். விறகுக்கென்றால் கிடந்த இடத்திலேயே துண்டு போடுங்கள், இரண்டுமே தேவைப்படாது.